முற்றத்தில் எடுத்த பள்ளிக்கூடப் படங்கள்

ஜூன் மாதம் வந்து பிள்ளைகள் புதுச் சீருடையோடு தெருவில் போகும்போதெல்லாம் என் பீரோவின் மேல்தட்டில் இருக்கும் ஒரு கறுப்பு ஆல்பத்தை எடுத்துத் துடைத்து வைப்பது என் வழக்கம். அதில் 15 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே தூண், ஒரே முற்றம், அதே மூன்று பிள்ளைகள். 1985 ஜூனில் தொடங்கி 1999 ஜூனோடு நிற்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற முதல் நாள் காலை நான் வீட்டிலேயே எடுத்த படங்கள். ஒரே ஒரு வருஷத்துப் படம் மட்டும் நான் எடுத்ததல்ல, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் வீட்டில் எடுத்தேன் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். காசு மிச்சம் பிடிக்கத்தான் என்று பதில் சொல்லிவிடுவேன். கீழ்நிலை எழுத்தர் சம்பளத்தில் அதுவும் பொய்யில்லை. ஆனால் உண்மைக் காரணம் வேறு. என் சின்ன மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதை. நான் 1949இல் பிறந்தவன். எனக்குப் பத்து மாதம் இருக்கும்போது என் அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக சைகோனுக்குக் கப்பல் ஏறினார். புதுச்சேரியில் அந்தக் காலத்தில் எங்கள் வீதியில் மட்டும் ஏழெட்டு வீட்டு ஆம்பளைகள் இந்தோசீனாவில் இருந்தார்கள். அம்மா வருஷத்துக்கு ஒருமுறை என்னை ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்து, பின்பக்கம் என் பெயரையும் தேதியையும் எழுதிக் கப்பல் தபாலில் அனுப்புவார். அப்பா பார்க்காத பிள்ளை வளருவதை அப்பாவுக்குக் காட்ட வேறு வழி கிடையாது.

என் ஆயாவுக்கு (அப்பாவின் அம்மா) இதில் சம்மதமே இல்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அவர் கட்சி. உங்களில் பலர் வீட்டிலும் இந்தப் பேச்சு இருந்திருக்கும். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்: இடது கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர், "அம்மா, அது படத்தில கறுப்பா அப்பிக்கிட்டுத் தெரியும், தொடைச்சிடலாம்" என்று சொல்லிப் பார்த்தாராம். ஆயா அசையவில்லை. அதனால் 1950 முதல் 1955 வரை எடுத்த ஆறு படத்திலும் என் கன்னத்தில் நாலணாக் காசு அளவுக்குக் கறுப்புப் பொட்டு இருக்கிறது. கடைசி இரண்டில் பள்ளிக்கூடச் சட்டையும் கையில் சிலேட்டுமாக நிற்கிறேன், அப்போதும் பொட்டு.

1956இல் அப்பா திரும்பி வந்தார். ரயிலடியில் காக்கிப் பெட்டியோடு இறங்கிய ஆளை எனக்குத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. நேரே வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தைக் கட்டை விரலால் தடவி, "எங்கடா பொட்டு?" என்றார். நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த ஆறு படங்களும் அவருடைய லிவ்ரே மிலித்தேருக்குள், ஓரம் மழுங்கி, வேர்வை பட்டு மஞ்சளாகி இருந்தன. இப்போது என்னிடம் இருக்கின்றன.

புகைப்படம் பிறந்த கதையை நான் படித்தது பிரெஞ்சு லிசேயில். 1839 ஆகஸ்ட் 19ஆம் தேதி பாரிஸில் அறிவியல் அகாதெமியும் கலை அகாதெமியும் சேர்ந்து கூடிய கூட்டத்தில், அராகோ என்ற விஞ்ஞானி தாகேரின் முறையை உலகத்துக்கு வெளிப்படுத்தினார். பிரெஞ்சு அரசாங்கம் அந்த உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியது. பதிலுக்குத் தாகேருக்கு வருஷம் 6000 பிராங்க், அவருடைய கூட்டாளி நியேப்ஸ் இறந்துபோயிருந்ததால் மகனுக்கு 4000 பிராங்க், ஆயுள் முழுக்க. அதாவது புகைப்படக் கலை உலகத்துக்குக் கிடைத்ததே ஒரு பென்ஷன் உத்தரவால்தான். பென்ஷன் வாங்குகிறவன் என்ற முறையில் இதை எனக்கு மறக்க முடியவில்லை.

ஆனால் அந்த முறையில் பிள்ளைகளைப் படம் எடுப்பது பெரும்பாடு. ஆரம்பத்தில் வெயிலில் நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கே பிடரிக்குப் பின்னால் இரும்புக் கவை ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். பிள்ளைகளுக்கு அது சரிப்படாது. அதனால் ஐரோப்பிய ஸ்டூடியோக்களில் ஒரு தந்திரம் செய்தார்கள்: தாயை நாற்காலியில் உட்கார வைத்து, தலையோடு கம்பளத்தையோ திரைச்சீலையையோ போர்த்தி மூடி, அவள் மடியில் பிள்ளையை வைத்து எடுத்தார்கள். பார்த்தால் பிள்ளை ஏதோ மூடிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அப்படிப்பட்ட பழைய படங்கள் இன்றும் நிறைய இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் துணிக்குள்ளிருந்து ஒரு கை பிள்ளையின் இடுப்பைப் பிடித்திருக்கும். எனக்கு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் அம்மாவின் ஞாபகம் வரும். என்னுடைய முதல் படத்திலும் ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது.

1854இல் திஸ்தேரி என்ற பாரிஸ்காரர் ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுச் சின்னப் படங்கள் விழும்படி ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பெயர் கார்த் தெ விசித். விலை விழுந்தது. நடுத்தரக் குடும்பங்களும் ஸ்டூடியோ படியேறின. சரியாக அதற்கடுத்த வருஷம், 1855 பாரிஸ் கண்காட்சியில், மியூனிக்கைச் சேர்ந்த ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பவர் ஒரே ஆளின் படத்தை இரண்டாக வைத்தார் என்று புகைப்பட வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒன்று எடுத்தபடி, இன்னொன்று நெகட்டிவில் கைவேலை செய்தது. கூட்டம் அசந்துபோனதாம். அன்றைக்குத் தொடங்கியதுதான் நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் 'டச்சிங்' என்று சொன்ன வித்தை.

இளைய தலைமுறைக்கு அதைச் சொல்ல வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். முகத்தில் ஒரு கறுப்பு வடு இருந்தால் நெகட்டிவில் அந்த இடம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். மருந்து பூசிய பக்கத்தில் ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் அந்த இடத்தைப் பொடிப் பொடியாகக் கோடு போட்டு நிரப்பினால், பிரிண்டில் வடு காணாமல் போய்விடும். சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, பூதக்கண்ணாடியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்கிற வேலை. நல்ல கைகாரர்கள் அம்மைத் தழும்பை முழுக்க எடுத்துவிடுவார்கள். நான் அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. அது ஒரு தொழில், அதை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் உண்டு.

ஒரு வேடிக்கை. பாரிஸ் போலீஸில் பெர்த்தியோன் என்பவர் 1880களில் குற்றவாளிகளை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்துப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அங்கே டச்சிங் கூடாது. ஆக அந்தக் காலத்தில் உள்ளது உள்ளபடி முகம் பதிவானது பெரும்பாலும் திருடனுக்குத்தான்.

இனி என் மகள் விஷயம். 1982இல் அவளுக்கு மூன்று வயது. ஒரு மார்கழிக் காலை, குளிக்க வெந்நீர் போட்டு, தவலையை நடையில் வைத்துவிட்டுத் துண்டு எடுக்கப் போனேன். அரை நிமிஷம்கூட இருக்காது. கத்தல் கேட்டு ஓடி வந்தேன். கழுத்திலும் கையிலும் பட்டது ஆறிவிட்டது. இடது கன்னத்தில் காதிலிருந்து வாய் ஓரம் வரைக்கும் ஒரு தழும்பு நின்றுவிட்டது. வைத்தது நான். என் மனைவி இந்த நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. என் அம்மா மட்டும் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "எம் பேத்திக்குச் சாமியே வெச்ச திருஷ்டிப் பொட்டு" என்பார். பிள்ளையும் அதை நம்பிக்கொண்டு கன்னத்தைப் பெருமையாகக் காட்டுவாள்.

1984இல் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அடுத்த பிப்ரவரியில் பள்ளிக்கூடத்துக்குப் படம் எடுக்க ஒரு ஸ்டூடியோக்காரர் வந்தார். வகுப்புப் படம் ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் படம் ஒன்று. மார்ச்சில் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். நான் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அவள் அந்த உறையோடு ஓடி வந்தாள். பிரித்துப் பார்த்தேன். அவளுடைய கண், அவளுடைய ரிப்பன். கன்னம் மட்டும் வழவழவென்று பால் போல இருந்தது. நல்ல கைகாரர்தான். ஒரு கோடு தெரியவில்லை. தனியாகக் காசும் கேட்கவில்லை, பாவம், பெண் பிள்ளையாயிற்றே என்று அவராகவே செய்திருக்கிறார்.

"அப்பா, இது நானா?"

"நீதான்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுல போயிடுச்சில்ல, நேர்லயும் அவரையே எடுக்கச் சொல்லுப்பா" என்றாள்.

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். அதுவரைக்கும் அவளுக்கு அது எடுக்க வேண்டிய ஒன்று என்று தெரியாது. அந்தப் படம்தான் சொல்லிக் கொடுத்தது. அன்றிலிருந்து கொஞ்ச நாள் கன்னத்தைத் தலைமுடியால் மூடிக்கொண்டு போனாள். ஸ்டூடியோக்காரரிடம் சண்டைக்குப் போகலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? நான் வைத்த தழும்பை நீ ஏன் அழித்தாய் என்றா?

அந்த மே மாதம், எங்கள் செக்ஷனில் ஒருவர் விற்கப் போவதாகச் சொன்ன அக்ஃபா கிளிக் 3 கேமராவை வாங்கினேன். பரோடாவில் செய்த கேமரா, நம் தலைமுறையில் அதைத் தொடாதவர்கள் குறைவு. 120 ஃபிலிமில் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். பின்னால் சிவப்புச் சின்ன ஜன்னல், அதில் எண் வரும்வரை திருக வேண்டும். ஃபிலிம் ஊட்டியில் செய்த இந்து. ஊட்டி தொழிற்சாலை 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கியது. அதற்குத் தொழில்நுட்பம் கொடுத்தது போஷே என்ற பிரெஞ்சுக் கம்பெனி என்று படித்தபோது எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். இப்போது அந்தத் தொழிற்சாலையும் மூடியாகிவிட்டது.

முதல் சுருள் முழுக்க வீண். கிட்டே போய் எடுத்தால் முகம் பெரிதாக வரும் என்று நினைத்தேன். எட்டுப் பத்து அடிக்கு உள்ளே போனால் எல்லாம் கலங்கிவிடும் என்பது கழுவி வந்த பிறகுதான் தெரிந்தது. வெயிலில் நிறுத்தினேன், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. கூடத்துக்குள் நிறுத்தினேன், ஒன்றும் விழவே இல்லை. பிறகு ஒரு காலை முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது தூணோரம் உட்கார்ந்திருந்த என் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மேலே திறந்த வானம், சூரியன் இன்னும் கூரைக்கு மேல் ஏறவில்லை. வெளிச்சம் மெத்தென்று மேலிருந்து இறங்கிச் சுருக்கம் சுருக்கமாகத் தெரிந்தது. மின்சார விளக்கு வருவதற்கு முன்னால் பழைய ஸ்டூடியோக்களைக் கண்ணாடிக் கூரை போட்டு, வடக்கு வெளிச்சம் வருகிற மாதிரி கட்டினார்கள் என்று படித்திருந்தேன். அதுவே என் வீட்டுக்குள் இருக்கிறது. தமிழ் வீடு கட்டியவர்கள் படம் எடுக்க நினைத்து முற்றம் விடவில்லை, ஆனால் அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது.

அப்படித்தான் வழக்கம் உண்டானது. ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நாள், காலை எட்டு மணி. வடக்குப் பக்கத் தூண். நிழல் பக்கம் என் வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துக் கட்டிவிடுவேன், வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். கேமராவை முக்காலியில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்புவேன், ஷட்டர் மெதுவானது, கை ஆடினால் போயிற்று. ஆளுக்கு மூன்று, மூவரும் சேர்ந்து இரண்டு, மிச்சம் ஒன்றில் என் அம்மா அல்லது பசுமாடு. சின்னவளை எப்போதும் இடது கன்னம் வெளிச்சத்துக்கு வருகிற மாதிரி நிறுத்துவேன். முதல் வருஷம் முடியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே எடுத்தேன். அந்தப் படமும் ஆல்பத்தில் இருக்கிறது.

கழுவிக் கொடுப்பவரிடம் நெகட்டிவில் பென்சில் வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பேன். அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

எங்கள் லிசேயில் வகுப்புப் படம் எடுக்கும் நாளில் படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, குருவி வெளியே வரப்போகிறது பார் என்று பிரெஞ்சில் சொல்வார். நாங்கள் நாற்பது பேரும் குருவிக்காகக் காத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருப்போம். நான் அதையே என் பிள்ளைகளிடம் சொன்னேன். பையனுக்கு அப்போது மூன்று வயது, பள்ளிக்கூடமே இல்லை, ஆனாலும் நிற்பேன் என்று அடம். குருவி வராததால் அழுதான். முதல் பக்கத்தில் அழுகிறவன் அவன்தான்.

எனக்கு முன்னால் கோழிக்கூண்டில் இதே வேலையைச் செய்த ஒரு அம்மையாரைப் பற்றி ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற பின் நூலகத்தில் பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது புதுச்சேரி என்ற சொல் கண்ணில் பட்டது. ஜூலியா மார்கரெட் கேமரன். 1815 ஜூன் 11இல் கல்கத்தாவில் பிறந்தவர், அப்பா கும்பெனி அதிகாரி. அம்மாவின் அம்மா தெரேஸ் பிளேன் தெ கிரேன்கூர், நம் புதுச்சேரியில் பிறந்தவர்! பேத்தி சின்ன வயதில் வெர்சாயில் இந்த ஆயாவிடம்தான் வளர்ந்தார், படித்தார். கடற்கரைச் சாலையில் நடக்கும்போது இப்போதும் நினைத்துக்கொள்வேன், எந்த வீட்டில் இருந்திருப்பார்கள் என்று.

கேமரனுக்கு 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவர் இங்கிலாந்தில் வைட் தீவில் குடியிருந்தார். தனிமையில் பொழுது போகட்டும் என்று கொடுத்தது. அவர் கோழிகளை வெளியே விட்டுவிட்டுக் கண்ணாடி போட்ட கோழிக்கூண்டை ஸ்டூடியோ ஆக்கினார், கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். வேலைக்காரப் பெண், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், வருகிற விருந்தாளி எல்லோரையும் பிடித்து உட்கார வைத்தார். அடுத்த மாதமே ஆனி என்ற ஒரு சிறுமியின் படம் நன்றாக விழுந்தது. அதையே தன் முதல் வெற்றி என்று எழுதி வைத்தார். படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம்: கோட்டின் பொத்தான் கழுத்துக்குக் கீழே பெரிதாகத் தெரிய, தலைமுடி கலைந்து, எங்கோ பார்க்கும் பிள்ளை. சிரிப்பு இல்லை, சிங்காரம் இல்லை. ஈரக் கண்ணாடித் தகட்டில் எடுத்த காலம் அது, அவருடைய படங்களுக்கு நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் எப்படித்தான் இருந்தார்களோ. தகட்டில் கறை, கீறல், விரல் ரேகை எல்லாம் அப்படியே இருக்கும். அந்தக் காலத்துப் புகைப்படச் சங்கத்துக்காரர்கள் அவரைக் கிண்டல் செய்து எழுதினார்கள், படம் மங்கல், வேலை சுத்தமில்லை என்று. அவர் சட்டை செய்யவில்லை.

1875இல் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கே குடிபோய்விட்டார். அங்கேயும் தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுத்திருக்கிறார், மிஞ்சியவை ரொம்பக் கொஞ்சம். 1879இல் இறந்து போகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். ஆயா புதுச்சேரியில் பிறந்து பேத்தி இலங்கை மலையில் அடக்கம். இந்தப் பக்கத்தைப் படிக்கும் இலங்கை நண்பர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் எனக்காக ஒரு பூ வையுங்கள்.

நான் எடுக்காத அந்த ஒரு படத்துக்கு வருகிறேன். 1987இல் என்னை மாஹேவுக்கு மாற்றினார்கள். புதுச்சேரி அரசாங்க ஊழியர்களுக்குத் தெரியும், நம் யூனியன் பிரதேசத்தில் பக்கத்து ஊருக்கு மாற்றம் என்றால் அது வங்காள விரிகுடாவிலிருந்து அரபிக் கடலுக்கு. முதல் வருஷம் சமாளித்தேன். 1988 ஜூனில் மழை கொட்டுகிறது, லீவு கிடைக்கவில்லை. பள்ளி திறக்கும் நாளில் மாஹேயில் ஒழுகும் அறையில் உட்கார்ந்து பைல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சைகோனில் இருந்த மாதிரிதான் என்று ஒரு நினைப்பு வந்தது. கொஞ்சம் அதிகப்படியான நினைப்புத்தான். ஒரு மாதம் கழித்துத் தபாலில் ஒரு உறை வந்தது. என் மனைவி, அதுவரைக்கும் கேமராவைத் தொட்டதே இல்லாதவர், தானே முக்காலியைப் போட்டு எடுத்திருக்கிறார். தூண் சாய்ந்திருக்கிறது. பெரியவளின் பாதம் இல்லை. வேட்டி கட்ட மறந்ததால் பாதி நிழல். ஆனால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சின்னவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கன்னம் முழுக்க வானத்தைப் பார்க்கச் சிரிக்கிறாள். "என்ன பண்ணினே?" என்று கடிதத்தில் கேட்டேன். "ஒன்னும் பண்ணல, எதைத் திருகறதுன்னு தெரியாம கேமராவையே கீழ போட்டுட்டேன், அதுங்க சிரிச்சுதுங்க, அப்ப எடுத்தேன்" என்று பதில். ஆல்பத்தில் அதுதான் நல்ல படம். நான் எடுத்த பதினான்கிலும் பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள், நான் ஏதோ தேர்வு நடத்துகிற மாதிரி.

1991க்குப் பிறகு ஹாட் ஷாட் கேமராவும் கலர் ஃபிலிமும் வந்தன. அந்தக் கலர்ப் படங்கள் இப்போது சிவந்து வெளுத்துப்போய்விட்டன. ஊட்டி ஃபிலிம் கறுப்பு வெள்ளை அப்படியே இருக்கிறது.

2003இல் சின்னவளுக்கு வரன் பார்த்தோம். ஜாதகத்தோடு படம் கேட்டார்கள். என் மனைவி பீரோவிலிருந்து ஒரு ஸ்டூடியோ படத்தை எடுத்தார். கல்லூரி முடித்தபோது எடுத்தது, கன்னம் வழவழவென்று இருக்கும். "முதல்ல பார்க்கட்டும், அப்புறம் நேர்ல வந்து தெரிஞ்சிக்கட்டும், எல்லார் வீட்லயும் இப்படித்தாங்க" என்றார். தாயின் கவலை, தப்புச் சொல்ல மாட்டேன். நான் வாய் திறக்கவில்லை, திறக்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் மகள் வந்தாள். ஸ்டூடியோ படத்தை எடுத்துவிட்டு, ஆல்பத்திலிருந்து அவளுடைய பன்னிரண்டாம் வகுப்புப் படத்தை உருவி உள்ளே வைத்தாள். "இதைப் பார்த்துட்டு வரவங்க வரட்டும்மா." இரண்டு இடத்திலிருந்து பதிலே வரவில்லை. என் மனைவி அந்த மாதங்களில் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவதாக வந்தவர்கள் அந்தப் படத்தைத் திருப்பித் தரவே இல்லை. அதனால் ஆல்பத்தில் 1995ஆம் வருஷப் பக்கத்தில் ஒரு இடம் காலி. மருமகன் வீட்டு அலமாரியில் அது சட்டம் போட்டு இருக்கிறது. கேட்டால் கொடுப்பார், நான் கேட்கவில்லை.

இந்த ஜூனில் அவள் தன் கடைக்குட்டியை ஆறாம் வகுப்புக்கு அனுப்பும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினாள், தாயும் பிள்ளையும் சேர்ந்து. அதற்கு முன்னால் ஒன்று எடுத்தாளாம், பையன் பார்த்துவிட்டு, "அம்மா, உன் கன்னத்தைக் காணோம்" என்றானாம். போனில் அழகுபடுத்துகிற ஏற்பாடு ஏதோ தானாகவே வேலை செய்திருக்கிறது, அவன் மூக்கின்மேல் இருக்கிற மச்சமும் போய்விட்டது. அதை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்திருக்கிறாள். ஹான்ஃப்ஸ்டெங்கலுக்குப் பென்சிலாவது தேவைப்பட்டது.

அந்த இரண்டாவது படத்தை பிரிண்ட் போட நேற்று கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்த தம்பி, நல்ல பிள்ளை, மரியாதையாகக் கேட்டான்: "தாத்தா, அக்கா மொகத்தில மட்டும் லைட்டா கிளீன் பண்ணிடவா? காசு வேணாம்."

"வேணாம் தம்பி. அப்படியே போடு."

இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று ஆல்பத்துக்கு. இன்னொன்றின் பின்னால் பெயரையும் தேதியையும் எழுதி, அப்பாவின் லிவ்ரேயில் இருக்கும் அந்த ஆறு படங்களோடு வைத்திருக்கிறேன்.